எட்டுக் கார்னேஷன்

சிபியு,
அக்டோபர் 14

அன்புள்ள ஒக்டாவுக்கு,

ஸ்மராண்டா எழுதுவது. இங்கே நானும் பூனையும் நலம். உங்கள் நுரையீரலைப் பற்றிக் கடிதத்தில் 'தேறி வருகிறேன்' என்ற ஒரே வரிதான் இருந்தது. மீதி இரண்டு பக்கமும் சாமான் பட்டியல்.

ஒரு பூப்படம் வரைய இத்தனை சாமானா? பன்றிமயிர்த் தூரிகைகள், கித்தான், டர்பென்டைன், வெள்ளையும் காவியுமாக ஒன்பது சாயக்குழாய்கள், நீல எனாமல் கூஜா. எல்லாம் சேர்த்துவிட்டேன். ஆனால் நம் கல்யாண மேசைவிரிப்பையும் கேட்டிருந்தீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. மலைமேல் ஆஸ்பத்திரியில் அதற்கு என்ன வேலை? கடிதத்தில் நர்ஸ் ஓர்டான்ஸாவின் பெயர் நான்கு இடத்தில் வருகிறது. என் பெயர் உறைமேல் மட்டும்.

சாயக்கடை வெடூரியாவிடம், பட்டியலில் நீங்கள் கேட்டிருந்த, சாயத்தைச் சீக்கிரம் காயவைக்கும் திரவம் கேட்டேன். கடையே கேட்கும்படி சிரித்தாள். "உன் வீட்டுக்காரரா கேட்டாரு? வெள்ளை காயறதுக்கு மாசக்கணக்கா காத்திருக்கணும்னு ஊருக்கே பாடம் எடுத்த மனுஷனாச்சே! எங்கயாச்சும் ஓடப்போறாரான்னு கேட்டு வைம்மா" என்றாள். எனக்கு முகம் எரிந்தது. ஆமாம், நானும் அதைத்தான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து, பட்டியலின் பின்பக்கம் நீங்கள் பென்சிலில் போட்டிருந்த மாதிரிப்படத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த நர்ஸ் மகராசிக்கு எத்தனை பூ தரப்போகிறீர்கள் என்று எண்ணினேன். எட்டுக் கார்னேஷன். மறுபடி எண்ணினேன். எட்டேதான்.

என்றைக்காவது எனக்கு இரட்டைப்படையில் பூ வாங்கி வந்திருக்கிறீர்களா? ஒருமுறை ஏழு ரோஜாவில் ஒன்று முறிந்துவிட, ஆறை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாதென்று இன்னொன்றையும் வாசலிலேயே எறிந்துவிட்டு வந்தவர் நீங்கள். இரட்டைப்படையைக் கல்லறைக்குத்தானே கொண்டுபோவோம். எந்தப் பெண்ணுக்கும் நீங்கள் எட்டுப் பூ வரைய மாட்டீர்கள். அந்தப் படம் யாருடைய கல்லறைக்கென்றும், ஏன் இத்தனை அவசரமென்றும் அப்போதுதான் புரிந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதேன். ஓர்டான்ஸாவைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கலாம், அது எவ்வளவோ மேல்.

பெட்டியில் மேசைவிரிப்பைத் தேடாதீர்கள். அது நம் வீட்டு மேசைக்கு. காயவைக்கும் திரவமும் இல்லை. பதிலுக்குக் கசகசா எண்ணெய் வைத்திருக்கிறேன். 'இது காயறதுக்குள்ள பனியே உருகிடும்' என்று நீங்கள் சலித்துக்கொள்ளும் அதே எண்ணெய். உருகட்டும். துணியில் கார்னேஷன் தைத்து வைத்திருக்கிறேன், ஏழு. அதைப் பார்த்து வரையுங்கள்.

குடைமிளகாய்த் தொக்கு ஜாடி ஓர்டான்ஸாவுக்கு. டாக்டர் சொன்னதை நீங்கள் எழுதமாட்டீர்கள், அவளையாவது எழுதச் சொல்லுங்கள்.

ஈரப் படத்தை யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள், ஒக்டாவ். முழுக்கக் காயும்வரை பக்கத்திலேயே இருந்து, நீங்களே வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

உங்கள்
ஸ்மராண்டா