வயிற்றுக்கு ஒரு கட்டம்

மார்ச் 3, திங்கள்

இன்று நாற்பத்திரண்டு கிண்ணம். ஒன்றில் தகர வாசம். இரண்டில் வெங்காயத் தாள் வாசம். அந்த மாடு எந்த வேலியைத் தாண்டியதோ. மூன்றையும் திருப்பி அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். லாரிக்காரர் முகம் சுண்டிப்போனது. "நாக்கம்மா சொல்லிட்டா அவ்ளோதான்" என்று முனகிக்கொண்டே போனார். இந்தப் பால் ஆலையில் பத்தொன்பது வருடமாக ருசி பார்க்கிறேன். என் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

உறிஞ்சி, வாயில் சுழற்றி, தொட்டியில் துப்பிவிட வேண்டும் என்பது விதி. நான் துப்பியதே இல்லை. தொண்டையில் இறங்கும்போதுதான் பால் தன் கடைசிக் குணத்தைக் காட்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் அதை நோட்டில்கூட எழுதிக்கொள்கிறார்கள். உண்மை வேறு. எனக்குப் பால் பிடிக்கும். நல்ல பாலைத் துப்ப மனசு வராது.

மத்தியானம் மறுபடியும் வயிறு. "என்னாச்சுக்கா?" என்று லேப் பெண் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

மார்ச் 6, வியாழன்

மூன்று முறை ஓடினேன். ஒன்றுமில்லை.

மார்ச் 10, திங்கள்

கேன்டீன் அக்கா என்னை ஓரமாக இழுத்து, "அடிக்கடி ஓடுறே, வயிறு உப்பிக் கெடக்கு. விசேஷமா?" என்றாள். எனக்கு நாற்பத்தேழு வயது. என் மகளுக்கே கல்யாண வயது. "ஒண்ணுமில்லக்கா" என்றேன். அவள் நம்பவில்லை. சாயங்காலத்துக்குள் பாக்கிங் பிரிவு முழுக்க என்னைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தது. ஒருத்தி நாற்காலிகூடக் கொடுத்தாள். உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

டாக்டரிடம் போனேன். ஏதோ இனிப்புத் தண்ணீரைக் குடிக்கவைத்து, அரை மணிக்கு ஒரு தடவை குழாயில் ஊதச் சொன்னார். கடைசியில் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "பால் உங்களுக்கு ஒத்துக்கலம்மா" என்றார்.

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"பால்ல ஒரு சர்க்கரை இருக்கு. அதை உடைக்கிற சாறு சில பேருக்கு வயசாக ஆகக் குறைஞ்சிடும். பயப்பட ஒண்ணுமில்ல. பாலை மொத்தமா விடவும் வேண்டாம். எது எவ்வளவு தாங்குதுன்னு பாத்துப் பாத்துச் சாப்பிடுங்க. என்ன வேலை பாக்கறீங்க?"

"ஆபீஸ் வேலை."

"ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிப்பீங்க?"

"கொஞ்சம்."

நாற்பத்திரண்டு வாய். ஒரு லிட்டருக்கு மேலேயே வரும்.

ஏன் எனக்கு? ஊர்ல எவனெவனோ பாலைக் கண்டாலே மூஞ்சியச் சுளிக்கிறான். அவனுக்கு வரக் கூடாதா? என்னோடு ருசி பார்த்த பெரியவருக்குப் போன வருடம் சளி பிடித்து மோப்பம் போனதும் லேபிள் அறைக்கு மாற்றினார்கள். நாள் பூராவும் ஸ்டிக்கர் எண்ணுகிறார். ருசி பார்க்கிற அறையில் அவர் பெயரை யாரும் எடுப்பதில்லை. எனக்கும் அந்தக் கதிதான். யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

மார்ச் 16, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். தராசு ரிப்பேர் பார்க்கிறவர். எதையும் அளந்துதான் நம்புவார். பரிதாபப்படுவார் என்று பார்த்தேன். அளவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

போன புதன்கிழமையிலிருந்து தினமும் சோதனை. சாப்பாட்டோடு தயிர்: அமைதி. வெண்ணெய்: அமைதி. ஒரு வருடத்துக்கு மேல் பழுக்கவைத்த கெட்டிச் சீஸ்: பரம அமைதி. சந்தேகம் தீரவேண்டும் என்று முக்கால்வாசியை அவரே தின்றார். சாப்பாட்டோடு அரைக் கிண்ணம் பால்: வயிற்றுக்குள் தூரத்தில் எங்கோ கட்டில் இழுக்கிற சத்தம், அவ்வளவுதான். வெறும் வயிற்றில் ஒரு தம்ளர்: எழுத வேண்டாம்.

இன்று ஐஸ்கிரீம். டாக்டர் கொடுத்த மாத்திரையை முதல் வாயோடு விழுங்கிவிட்டு இரண்டு கரண்டி சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது கரண்டியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என்ன, வலிக்குதா?" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார் இந்த மனுஷன். சந்தோஷத்தை அளக்க அவரிடம் தராசு இல்லை.

மார்ச் 19, புதன்

துப்பிப் பார்த்தேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. பழக்கமில்லாததால் பாதி சேலையில் விழுந்தது. லேப் பெண் திருடனைப் பிடித்தவள் மாதிரி நின்றாள். "அக்கா, நீங்களா துப்பினீங்க?" தொண்டைக் கரகரப்பு என்றேன். இனி துப்பினால் ஊரே கேட்கும். மாத்திரைகளை மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒளித்துவைத்திருக்கிறேன். அடிக்கடி கண்ணாடியைத் துடைக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

மானேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்காகவே ஒரு புதுப் பால் வருகிறதாம். மருந்து போட்டுக் குளிரில் ஒரு நாள் வைத்தால் பாலில் உள்ள சர்க்கரை முன்னாடியே உடைந்துவிடும்.

"பால் ஒத்துக்காதவன்லாம் ஒரு மனுஷனா? இருந்தாலும் அவனும் நமக்குக் கஸ்டமர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

"நாக்கம்மா கையெழுத்து போட்டாத்தான் இது வெளிய போகும்" என்று முடித்தார்.

மார்ச் 24, திங்கள்

புதுப் பாலின் முதல் தொட்டி. லேப் சோதித்து, சர்க்கரை பூராவும் உடைந்துவிட்டது என்று சீட்டுக் கொடுத்துவிட்டது. எனக்கு வந்தது கிண்ணம் மட்டும். வாயில் வைத்தால் ஒரே தித்திப்பு. யாரோ சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்த மாதிரி. இதைப் பால் என்று சொன்னால் மாடு மானநஷ்ட வழக்குப் போடும்.

"இனிப்பு தூக்கல். குறைக்கவும்" என்று எழுதினேன். அடியில் இரண்டு கோடு. வயிறு சத்தம் போடவில்லை. காலையில் போட்ட மாத்திரையின் புண்ணியம்.

மார்ச் 28, வெள்ளி

இரண்டாவது தொட்டி. என்ன ஒரு பால்! தித்திப்பு அடங்கி, மென்மையாக, பாலாகவே இருந்தது. "அருமை. இதுதான் பால்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மானேஜர் கை தட்டினார். எனக்கென்றே செய்த பால் அல்லவா, இதற்கு எதற்கு மாத்திரை? கண்ணாடிக் கூட்டைத் திறக்காமல் ஒரு முழுத் தம்ளர் குடித்தேன். எத்தனை நாளாச்சு, பயமில்லாமல் குடித்து.

மாலை: மூன்று முறை. வெயில் காரணமாக இருக்கும்.

மார்ச் 30, ஞாயிறு

வெயில் இல்லை. புதுப் பாலில் ஒரு பாக்கெட் கொண்டுவந்திருந்தேன். வீட்டுக்காரர் அளந்து ஒரு கிண்ணம் ஊற்றினார். வேறு எதுவும் சாப்பிடாமல் உட்கார்ந்தேன். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் எழுந்து ஓடினேன்.

திரும்பி வந்தால், பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "உன் வயிறு சரியாத்தான் இருக்கு. பாக்கெட்தான் பொய் சொல்லுது."

மார்ச் 31, திங்கள்

கலவைப் பிரிவுத் தம்பியிடம் போகிறபோக்கில் கேட்கிற மாதிரிக் கேட்டேன். "அந்த இனிப்பை எப்படிப்பா குறைச்சீங்க?"

"நீங்கதானேக்கா குறைக்கச் சொல்லி ரெண்டு கோடு போட்டு எழுதினீங்க. மருந்து போட்டு ஒரு நாள் வெச்சிருந்தோம். இப்ப ஆறு மணி நேரத்துல எடுத்துக் காய்ச்சிடறோம். சரியா வந்துச்சுல்ல?"

சர்க்கரை உடைந்தால்தான் பால் தித்திக்கும். அந்தத் தித்திப்புதான் வேலை முடிந்ததற்கு அடையாளம். அதைக் குறை என்று எழுதியது நான். பாதியிலே நிறுத்திய பாலை அருமை என்று புகழ்ந்ததும் நான். லேப் சீட்டோ முதல் தொட்டிக்கானது. அதையே இரண்டாவதற்கும் ஒட்டியிருக்கிறார்கள். நாக்கம்மாவே கையெழுத்துப் போட்ட பிறகு எதற்கு இன்னொரு சோதனை?

வியாழக்கிழமை லாரி ஏறுகிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

மானேஜரிடம் மறுபடி ஒரு சோதனை வைக்கலாமே என்றேன்.

"சீட்டு இருக்கே மேடம்."

"நேரத்தைக் குறைச்சிருக்காங்க சார்."

"ஆறு மணி நேரம் போதும்னு மருந்து டப்பாவுலயே போட்டிருக்கு. நீங்களே அருமைன்னு எழுதியிருக்கீங்க. இப்ப என்ன திடீர்னு? காரணம் சொல்லுங்க, வைக்கலாம்."

காரணம் வயிற்றில் இருந்தது. வாயில் வரவில்லை. ஒன்றுமில்லை சார் என்று வந்துவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

சொன்னால் லேபிள் அறை. சொல்லாவிட்டால்? என்னை மாதிரி ஒருத்தி, பாக்கெட்டை நம்பி, ரொம்ப நாள் கழித்து ஆசையாக ஒரு தம்ளர் குடிப்பாள். பிறகு பஸ்ஸில் ஏறுவாள். ஐயோ. அவள் முகம் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. பஸ்ஸில் எனக்கும் ஒரு நாள் நேர்ந்திருக்கிறது. அதை இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

சொல்லிவிட்டேன்.

லாரியில் பெட்டி ஏறிக்கொண்டிருந்தது. மானேஜர், கலவைத் தம்பி, லேப் பெண், எல்லோரும் நின்றார்கள். "சார், எனக்குப் பால் ஒத்துக்காது. இந்தப் பாலும் ஒத்துக்கலை. ரெண்டு தடவை குடிச்சுப் பாத்துட்டேன். நிறுத்துங்க." ஒரே மூச்சில் சொன்னேன்.

வாசலில் டீத் தட்டோடு நின்ற கேன்டீன் அக்கா, "அப்ப குழந்தை இல்லியா?" என்றாள்.

லேப் பெண் ஓடிப்போய்ச் சோதித்தாள். சர்க்கரையில் பாதி உடையாமல் அப்படியே இருந்தது. டப்பாவில் போட்ட ஆறு மணி நேரம் வெதுவெதுப்பான பாலுக்காம், குளிரில் வைக்கிற பாலுக்கு இல்லையாம். பெட்டிகளை இறக்கினார்கள். மானேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "இத்தனை நாள் ஏன் சொல்லலை?" என்றார். ஒத்துக்காதவன்லாம் ஒரு மனுஷனா என்று கேட்டது நீங்கள்தானே என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். விழுங்குவதுதான் எனக்குப் பழக்கமாயிற்றே.

பிறகு லேப் பெண் வராந்தாவில் என் கையைப் பிடித்தாள். "எனக்கும்தான்க்கா. ரெண்டு வருஷமா. ருசி பாக்கற வேலை கேட்டுத்தான் வந்தேன். வேண்டாம்னு லேபுக்கு மாறிட்டேன்." ஒரே அறைச் சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு என்ன ஒரு ரகசியத்தைக் காத்து வந்திருக்கிறோம்!

ஏப்ரல் 7, திங்கள்

இன்னும் ஒரு தகவலும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் லேபிள் அறையைப் போய்ப் பார்த்தேன். பெரியவர் வாங்கம்மா என்று இரண்டாவது நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஜன்னல் பெரியதுதான். காற்றும் வருகிறது. தேற்றிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெரியவர் பார்க்காத மாதிரி ஸ்டிக்கர் எண்ணினார்.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் மேஜையில் புதுப் படிவம் கிடந்தது. நிறம், மணம், சுவை என்று பழைய மூன்று கட்டம். பக்கத்தில் மானேஜரே ஸ்கேல் வைத்து நாலாவதாக ஒன்று கோடு போட்டிருந்தார்: "வயிறு (இரண்டு மணி நேரம் கழித்து)." அதற்குக் கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். ஒன்று எனக்கு. இன்னொன்றில் லேப் பெண் பெயர்.

ஒரு நாள் முழுக்க வைத்த மூன்றாவது தொட்டி. அதே தித்திப்பு. சுவைக் கட்டத்தில், "இனிப்புதான். இருக்கட்டும்" என்று எழுதினேன். பத்து நாற்பதுக்கு இரண்டு பேரும் மாத்திரை இல்லாமல் ஆளுக்கொரு முழுத் தம்ளர் குடித்தோம், கேன்டீன் நடுவில், எல்லோர் கண்ணெதிரிலும்.

மானேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். பதினொன்றரைக்கு நான் தண்ணீர் எடுக்க எழுந்தபோது கலவைத் தம்பி பயந்து கதவைத் திறந்துவிட்டான். பன்னிரண்டுக்குக் கேன்டீன் அக்கா வந்து என் வயிற்றைப் பார்த்துவிட்டுப் போனாள். சரியாகப் பன்னிரண்டு நாற்பதுக்கு மானேஜர் என் முன்னால் வந்து நின்றார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல சார்."

எல்லோரும் கை தட்டினார்கள். நாலாவது கட்டத்திலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.