சுயம்புவின் விசிறி

புதுக்கடை
20.1.2026

என் பிரியமுள்ள சுயம்புவுக்கு,

ராஜகுமார் எழுதுவது. போன் போட்டால் உன் தங்கச்சி எடுத்து, "அண்ணன் உறங்குது" என்கிறாள். எந்நேரமுமா உறங்குவாய்? அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

சிவராத்திரி வருகிறது. பதினோரு வருஷம் சாமிக்கு வீச ஆளுக்கொரு ஓலை விசிறியோடு, திருமலை முதல் திருநட்டாலம்வரை பன்னிரண்டு சிவன் கோயிலுக்கும் உறங்காமல், உட்காராமல் சேர்ந்தேதான் ஓடினோம். போன வருஷம் எட்டாவது கோயிலில், மேலாங்கோட்டுப் படியில் நீ உட்கார்ந்துவிட்டாய். உன் விசிறியாவது போய்ச் சேரட்டுமே என்று வாங்கிக்கொண்டு ஓடினேன். நீதானே தந்தாய்? நல்லது நினைத்துத்தான் செய்தேன். ஒரு வரி எழுது, மக்கா.

உன்
ராஜகுமார்

வடசேரி
29.1.2026

ராஜகுமாருக்கு,

நான்தான் தந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. "மூத்திரம் கட்டன்சாயா மாதிரி கறுத்துப் போவுதுலே" என்றேன். நீ சிரித்தாய். "நாலே கோயில்தான், எழும்புலே" என்றாய். "எனக்க காலு நான் சொன்னா கேக்கல்ல மக்கா" என்றேன். விசிறியை வாங்கி, ஓடுகிறவர்கள் எல்லாரும் கூவுகிற மாதிரி "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு போனாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம்வரை அங்கேயே கிடந்தேன். மோர் கொடுக்க வந்த ஒரு அக்காதான் ஆட்டோ பிடித்தாள்.

நிற்காமல் நடந்தால் சதை உடைந்து ரத்தத்தில் கலந்து கிட்னியைக் கெடுக்குமாம். டாக்டர் சொன்னார். உடனே கொண்டுவந்திருந்தால் தப்பியிருக்கலாமாம். இப்போது செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். நாலு மணி நேரம் ஊசியோடு கிடக்க வேண்டும். உன்மேல் கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. இனி எழுதாதே.

சுயம்புலிங்கம்

புதுக்கடை
18.2.2026

சுயம்பு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். வைய வேண்டுமென்றால் வை.

சிவராத்திரிக்கு ரெண்டு விசிறியோடும் போனேன். உனக்கும் சேர்த்து ஓடி முடித்தால் மனசு ஆறும் என்று நினைத்தேன். பொன்மனைக் கோயிலில் கால் நகம் பெயர்ந்தது. கல்குளம் தாண்டியதும் நின்றால் விழுவேன் என்ற நிலை, அதனால் நிற்காமல் நடந்தேன். மேலாங்கோட்டில் அந்தப் படியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். "எழும்பும் அண்ணே, நாலே கோயில்தான்" என்று போகிறவனெல்லாம் சொன்னான். நான் உன்னிடம் சொன்ன அதே வார்த்தை. எழும்ப முடியாதவன் காதில் அது எப்படி விழும் என்று அப்போதுதான் தெரிந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். கடைசி ஆளும் போன பிறகு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

தப்பு என்னுடையது. விசிறியைத் தூக்கியவன் உன்னை அல்லவா தூக்கியிருக்க வேண்டும். அதைச் சாமியிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, உன்னிடம் சொல்கிறேன். நீ பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம்.

ராஜகுமார்

உன் விசிறி பத்திரமாக இருக்கிறது.

வடசேரி
23.2.2026

ராஜகுமாரு மக்கா,

கால் நகத்துக்கு மருந்து போட்டியா? போட்டிருக்க மாட்டாய்.

ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்கு மேலே உள்ள ஃபேன் ஒரு வாரமாக ஓடவில்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த விசிறியை எடுத்துக்கொண்டு வா. கட்டில் பக்கத்தில் ஸ்டூல் ஒன்று கிடக்கும்.

நாலு மணி நேரம். பாதியில் எழும்பிப் போய்விடாதே.

சுயம்பு