விருந்தினர் மாளிகையில் உன் தங்கை சொன்ன பதில்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கி எழுகிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் தொட்டிருக்கிறேன். போனில் பேசுகிறவளுக்கு இதென்ன புதுப் பழக்கம் என்று சிரிப்பாய். நம் வீட்டில் ஓர் அறையில் பேசினால் எல்லா அறைக்கும் கேட்கும், நீ அனுப்பும் செய்தியை எனக்கு முன்னால் உன் தங்கை படித்துவிடுகிறாள். வெளிநாட்டுப் போட்டிக்கு அவள் ஏன் போகவில்லை, தேர்வாகிவிட்டாள் என்று சொன்னீர்களே என்று நீ விடாமல் கேட்கிறாய். போன தடவை கேட்டபோது அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், அதனால்தான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போது நான் வேலை பார்க்கும் விருந்தினர் மாளிகையில் துணி வெளுக்கும் அறையில் மத்தியான இடைவேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன், எந்திரம் ஓடுகிற சத்தத்தில் சொல்வது முன்னே பின்னே இருக்கும், நீ கோத்துப் படித்துக்கொள்.

அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னார், இவர் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் நடக்கிறார், கேட்டால் நடந்துகிட்டுத்தானே இருக்கேன், கண்ணு தெரியலையா உனக்கு என்று என்மேல் பாய்கிறார். உன் அறையில் என் தையல் மெஷினைப் போட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே, நீ வருகிறபோது தூக்கிவிடலாம். பல் பிடுங்கினாயே, வீக்கம் வடிந்ததா? அந்தப் பக்கமாகக் கடிக்காதே, சூடாக எதையும் குடிக்காதே. உனக்குச் சொன்னால் தலையை ஆட்டுவாய், பிறகு காபியைக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பாய், என் பிள்ளையை எனக்குத் தெரியாதா.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நம் ஊரில் ஒரு பெரிய விளையாட்டு விழா நடத்தலாமா என்று பார்த்துவிட்டுப் போக வெளிநாட்டு விளையாட்டுச் சங்கத்துப் பெரியவர்கள் சிலர் வரப்போவதாகச் செய்தி வந்தது, வந்தால் நம் மாளிகையில்தான் தங்குவார்கள். அன்றிலிருந்து எங்களுக்குத் தலைக்குமேல் வேலை. வரவேற்புக்கென்றே ஓர் அதிகாரியைப் போட்டார்கள். எங்களைப் பார்க்கும்போதெல்லாம் சிரிங்க, முகத்தைச் சிரிச்ச மாதிரி வைங்க என்பார், அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை, அதனால் சிரிப்பு சார் என்று பெயர் வைத்துவிட்டோம். போன வருஷம் மாற்றிய திரைச்சீலையை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டினார்கள். குளியலறைக் குழாய்க்கெல்லாம் தங்க நிறம். வாசலிலிருந்து கார் நிற்கிற இடம் வரைக்கும் கம்பளம். வாடகைக்கு எடுத்த கார்களில் ஒன்று குடைகளை ஏற்றிக்கொண்டு பின்னால் வருவதற்கு மட்டும், மழைக்காலம் முடிந்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. மைதானத்தில் புல் முளைக்கவில்லை என்று மண்ணுக்குப் பச்சைச் சாயம் அடித்துவிட்டு, யாரும் மிதிக்கக் கூடாது என்று கதவைப் பூட்டிவிட்டார்கள். உன் தங்கை ஓடிப் பழகுகிற மைதானம் அதுதான். கொஞ்ச நாள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சாலையில் ஓடினாள், லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் தொல்லை கொடுத்தார்கள், நிறுத்திவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் அவளுடைய கோச் வீட்டுக்கு வந்தார். உள்ளே வாங்க என்றால் வரவில்லை, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். விளையாட்டுத் துறையில் பயணம், தங்குமிடம் என்று ஒரே கணக்காம், நம் பிள்ளைகள் வெளியே போவதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், வெளியாட்கள் இங்கே வந்து தங்குவதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், இந்த வருஷத்துக்கு வரவேற்பிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டதாம். ஓட வேண்டிய வேகத்துக்குமேலேயே ஓடிட்டாம்மா, அவ மேல ஒரு குறையும் இல்ல, டிக்கெட்தான் இல்ல என்றார். அப்பா கடன் வாங்கியாவது அனுப்பலாமா என்று கேட்டார். துறை அனுப்பினால்தான் ஓட விடுவார்கள், சொந்தச் செலவில் போனால் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். இவள் சரிங்க சார் என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். அழவில்லை, உள்ளே போய்த் தட்டுகளைக் கழுவினாள். மறுநாள் வேலைக்குப் போய் அந்தப் புதுத் திரைச்சீலைகளை நான்தான் இஸ்திரி போட்டேன். என் பெண்ணின் டிக்கெட்டும் இதில்தான் எங்கேயோ இருக்கிறது என்று தெரிந்துகொண்டே சுருக்கம் இல்லாமல் போட்டேன்.

விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் எங்களுக்கு ஒத்திகை நடந்தது. நாங்கள் எல்லாரும் பரிமாறுகிறவர்கள், விருந்தாளியாக உட்கார ஆள் வேண்டும் என்று வீட்டு மனுஷர்களைக் கூட்டிவரச் சொன்னார் சிரிப்பு சார். வெறும் தட்டை வைத்துப் பழகினால் கை பழகாது என்று நிஜச் சாப்பாடே போட்டார்கள். டிரைவரின் மாமனார் ஒரு நாட்டுத் தலைவர், சமையல்காரரின் மனைவி பொருளாளர், பொருளாளர் அம்மா இரண்டாவது நாளே கேக்கை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். ஒத்திகை முடிவதற்குள் எல்லாருக்கும் ஒரு சுற்று பெருத்துவிட்டது. மைதானம் பூட்டிக் கிடக்கிறதே, வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று நான் உன் தங்கையைக் கூட்டிப்போனேன். உயரமாக இருக்கிறாள் என்று அவளைத்தான் பெரிய தலைவர் ஆக்கினார்கள். பெரிய சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். சிரிப்பு சாரே குனிந்து, வேற எதாவது வேணுங்களா மேடம் என்று கேட்டார். எனக்குப் போட்டிக்குப் போக ஒரு டிக்கெட் வேணும், வாங்கித் தர்றீங்களா என்று இவள் கேட்டாளே பார்க்கலாம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை. பாத்தீங்களா, இப்படித்தான் நாம நினைக்காததைக் கேப்பாங்க, அப்ப இல்லைன்னு வாயில வரக் கூடாது, அதுக்கெல்லாம் ஏற்பாடு ஆயிடுச்சுங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லணும் என்றார். எங்கள் எல்லாரையும் ஒருமுறை சொல்லச் சொன்னார், நாங்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் சொன்னோம். இவளும் சோபாவில் உட்கார்ந்தபடியே சொன்னாள். நான் அவளுடைய கிளாஸில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், நிறைந்தது தெரியாமல் மேஜையெல்லாம் ஊற்றிவிட்டேன்.

இதையும் உனக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. எங்களைப் போல் ஒப்பந்தத்தில் இருக்கிறவர்களை நிரந்தரமாக்கும் கோப்பு மேலே போயிருக்கிறது, வந்தவர்கள் சந்தோஷமாகத் திரும்பிப் போனால் கையெழுத்து ஆகும், யாராவது அவர்களிடம் குறை சொன்னால் சொன்னவருடைய பெயர் மட்டுமில்லை, எல்லாருடைய பெயரும் போய்விடும் என்று சிரிப்பு சார் எங்களைக் கூப்பிட்டு எச்சரித்தார். எனக்கோ ஓய்வு பெறும் வயது நெருங்குகிறது, நிரந்தரம் இல்லையென்றால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அன்றைக்கு இடுப்பு ஒடிய வேலை செய்துவிட்டு வந்த அலுப்பில் சாப்பிடும்போது இதை அப்பாவிடம் சொன்னேன். உன் தங்கை தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேட்கிறாள் என்றே நான் நினைக்கவில்லை.

வந்துவிட்டார்கள் பெரியவர்கள். அவர்களில் தலைவர் நெட்டையான வயசாளி, விமானத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து பாதம் இரண்டும் வீங்கிப்போய் வந்தார். பூங்கொத்து, பாட்டு, கம்பளம் எல்லாவற்றையும் தாண்டி அறைக்கு வந்தவர் கேட்டது ஒரு வாளி வெந்நீர், காலை வைத்துக்கொள்ள. தங்கக் குழாய் இருக்கிறது, வாளி இல்லை. வாளி கண்ணில் பட்டால் அசிங்கம் என்று சிரிப்பு சார் எல்லா வாளியையும் கொட்டகையில் போட்டுப் பூட்டியிருந்தார், சாவி அவருடைய சட்டைப்பையில், அவர் அடுத்த விருந்தாளியை அழைக்க விமான நிலையத்தில். கடைசியில் நான் தரை துடைக்கிற வாளியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக் கொண்டுபோனேன். அந்த மனுஷன் அதில் காலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார். மொழி தெரியாவிட்டாலும் அது புரிந்தது. கெட்ட மனுஷன் இல்லை. இளம் வயதில் அவரும் ஓடினவராம், கூட வந்த மொழிபெயர்ப்புப் பெண் சொன்னாள்.

அன்று மாலை கூடத்தில் வரவேற்பு. நம் வீரர்களைக் காட்ட வேண்டும் என்று உன் தங்கையையும் கூட்டிவரச் சொன்னார்கள். நாட்டின் பெயர் போட்ட உடை கொடுத்தார்கள், போட்டுக்கொண்டு பிறகு திருப்பித் தர வேண்டும். அந்த உடையில் அவளைப் பார்க்க எத்தனை நாள் ஆசைப்பட்டேன் தெரியுமா, அன்றைக்குப் பார்த்தபோது ஒன்றுமே தோன்றவில்லை. தலைவர் வரிசையில் ஒவ்வொருவராகக் கைகொடுத்துக்கொண்டு வந்தவர் அவளிடம் நின்றார். எவ்வளவு தூரம் ஓடுகிறாய், எவ்வளவு நேரத்தில் ஓடுகிறாய் என்று கேட்டார், சொன்னதும் புருவத்தைத் தூக்கினார். அப்போ அந்தப் போட்டிக்கு வர்றதானே, நானும் அங்கதான் இருப்பேன் என்று அந்த மொழிபெயர்ப்புப் பெண் அவர் சொன்னதைச் சொன்னாள். பக்கத்தில் சிரிப்பு சார். நான் தூணோரமாகத் கை துடைக்கும் துண்டுகள் வைத்த தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்த மனுஷன் கேட்டிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். உன் தங்கை அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே, அதுக்கெல்லாம் ஏற்பாடு ஆயிடுச்சுங்க என்றாள். அவர் சந்தோஷப்பட்டு இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். உன்னைத் தேடுவேன் என்று சொன்னாராம். நானும் வாயைத் திறக்கவில்லையப்பா. தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாக நின்றேன்.

அவர்கள் போய்விட்டார்கள். அந்த உடையை நான்தான் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். விழா நமக்கு உண்டா இல்லையா என்று இன்னும் சொல்லவில்லை, உபசரிப்பு பிரமாதம் என்று மட்டும் கடிதம் வந்திருக்கிறதாம். எனக்கு நிரந்தர உத்தரவு வந்துவிட்டது. மாளிகையில் எல்லாரும் இனிப்பு எங்கே, இனிப்பு எங்கே என்று பிடுங்கி எடுத்தார்கள், வாங்கிக் கொடுத்தேன். சந்தோஷம் வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரிதான் இருக்கிறது, என் கால்தான் என்று தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை.

போன வாரம் அந்தப் போட்டியை டிவியில் காட்டினார்கள். அவளுடைய ஓட்டம் ஆரம்பிக்கிற நேரத்தில் அப்பா அவசர அவசரமாக வேறு சேனல் மாற்றினார். வைங்கப்பா, பாக்கலாம் என்றாள். மூன்று பேரும் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தோம். நடுவில் ஒருமுறை பார்வையாளர்கள் உட்காரும் இடத்தைக் காட்டினார்கள், நிறைய வயசானவர்கள் இருந்தார்கள், அந்தத் தலைவர் அதில் இருந்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. தேடியிருப்பாரோ என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். ஓட்டம் முடிந்ததும், தரை நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். மைதானத்தைத் திறந்து நாளாகிறது, சாயமெல்லாம் கரைந்து பழைய மண்ணாகிவிட்டது. இவள் போவதில்லை. கோச் ஆள்விட்டுக் கூப்பிட்டார், போகவில்லை. மாளிகையில் வரவேற்பு மேஜைக்கு ஆள் எடுக்கிறார்கள், சிரிப்பு சார் அவளைக் கேட்டிருக்கிறார், சேரட்டுமாம்மா என்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

நீ ஆத்திரப்பட்டு எங்கேயும் எதையும் எழுதிவைக்காதே, டிக்கெட்டுக்குப் பணம் அனுப்புகிறேன் என்றும் ஆரம்பிக்காதே, போட்டி முடிந்துவிட்டது. அவளிடம் போட்டியைப் பற்றிப் பேசாதே. திரும்ப ஓடச் சொல்லலாமா என்றால் எனக்கே வாய் வரவில்லை, எந்த முகத்தோடு சொல்வேன். நீ அண்ணன், நீ கொஞ்ச நாள் கழித்துச் சொல், உன் பேச்சை அவள் கேட்பாள்.

நோய்நொடி இல்லாமல், நல்ல மனுஷர்கள் மத்தியில், கை நிறைய வேலையோடு நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். குளிர்க்கோட்டுப் பொத்தானைத் தைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது வேலை நிரந்தரமானதற்கு முதலில் எனக்கு வாழ்த்துச் சொல், மறந்துவிடாதே. ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டுச் சத்தமாகச் சொல், அவள் காதில் விழ வேண்டும். நானும் ரொம்ப சந்தோஷமாக இருக்கிற மாதிரி பேசுவேன். அவள் எதைக் கொடுத்து எனக்கு இதை வாங்கினாள் என்று எனக்கும் அப்பாவுக்கும் இப்போது உனக்கும் தெரியும், அம்மாவுக்கு அது பிரயோஜனப்படவில்லை என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றக் கூடாது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா