சொர்ணம்மாள் முறை

திருவனந்தபுரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கே சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் மறைக்காமல் சொல்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. கல்லூரியில் நான் நடத்தும் நுண்ணுயிரியல் பாடங்களை, யாரும் இலவசமாகப் படிக்கலாம், தேவைக்கு மாற்றியும் கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டிருக்கிறேன் அல்லவா? அதில் புளிப்பதற்கு உன் இட்லி மாவைத்தான் உதாரணம் காட்டி, கடைசியில் உனக்கு நன்றி சொல்லியிருந்தேன். எத்தியோப்பியாவில் ஓர் ஆசிரியர் அதை எடுத்து, இட்லிக்குப் பதிலாக இன்ஜெரா என்னும் அவர்கள் ஊர்ப் புளித்த தோசையை வைத்திருக்கிறார். உன்னை யாரோ பெரிய விஞ்ஞானி என்று நினைத்துவிட்டார் போல. பாடத்தின் தலைப்பே ‘சொர்ணம்மாள் முறை’. என் பெயரைக் காணோம்.

எனக்குச் சுருக்கென்றது. கூட வேலை பார்க்கும் விஷ்ணுப்ரியா, “சாரமில்லடீ, போனா போகட்டும், மாத்திக்கலாம்னு நீதானே எழுதி வெச்சே? வேணும்னா திருத்தச் சொல்லி மெயில் போடு” என்றாள். போடவில்லை. ஒரு வகுப்பே உன் பெயரைச் சொல்லிப் படிக்கட்டும்.

அடுத்த வாரம் தம்பி சுதீஷ் வரும்போது, டப்பாவில் உன் பழைய மாவு ஒரு கரண்டி கொடுத்துவிடு. இங்கே பழவங்காடிக் கடைத்தெருவில் நல்ல உளுந்தாகப் பார்த்துத்தான் வாங்கினேன்.

வகுப்புக்கு மணியடித்துவிட்டது, ஓடுகிறேன். அங்கே சொர்ணம்மாள் முறைப்படி எல்லோருக்கும் மாவு பொங்குகிறதாம். இங்கே உன் மகளுக்குத்தான் பொங்கவில்லை.

ஷில்பா