வீடு பார்க்காத சம்பந்தம்

ஆவணி 12, வியாழன்.

லண்டன் டாக்டர் இன்று மாயமாகிவிட்டார். கல்யாண இணையதளத்தில் அறிமுகமாகி, மூன்று மாதமாகத் தினமும் வாட்ஸ்அப்பில் பேசியவர். சொந்த ஊர் பொள்ளாச்சி என்றார். எனக்கு அனுப்பிய நகைப் பார்சல் டெல்லி ஏர்போர்ட்டில் நிற்கிறதாம். எழுபதாயிரம் ரூபாய் சுங்கவரி கட்டினால்தான் விடுவார்களாம். காலையில் வளையல்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அடகுக்கடைக்குக் கிளம்பினேன்.

வாசலில் அண்ணி பிடித்துக்கொண்டாள். எல்லாம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை.

"ஏன் அம்மணி, பொள்ளாச்சிக்காரர்னா அவங்க ஊடு அங்கதான இருக்கும்? பணம் கட்டறதுக்கு முன்னால ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்தரலாம்."

உடனே அவருக்கு எழுதினேன்: "ஞாயித்துக்கிழமை உங்க ஊட்டுக்கு வாரோமுங்க. அட்ரஸ் அனுப்புங்க." என்னை நம்பவில்லையா என்று கோபித்தார். மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் அவர் படம் போய்விட்டது; நம்பரும் வேலை செய்யவில்லை.

எங்கள் தறிக்கு நூல் வாங்கினால் ஒரு நூல்கண்டையாவது பிரித்துப் பார்க்காமல் வண்டியிலிருந்து இறக்கவிடமாட்டேன். நாற்பத்தைந்து வயதில் எனக்கு எங்கே போயிற்று புத்தி? அழுதேன். பிறகு இரண்டு இட்லி அதிகமாகவே சாப்பிட்டேன்.

வளையல்கள் மறுபடி கையில் ஏறிவிட்டன. படுக்கப் போகும்போது அண்ணி, "ஊடு வாசல் இருக்கற ஆளாப் பார்க்கலாம், அம்மணி" என்றாள்.

நான் வேண்டாமென்று சொல்லவில்லை.