யாருடைய கை என்று பெட்டிக்குத் தெரியாது

பருத்தித்துறை
15.02.2025, சனிக்கிழமை

அன்பு மகள் உதயகலாவுக்கு,

நீயும் மருமகனும் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த நோர்வேக் குளிருக்குள் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வைரவரைக் கும்பிட்டுக்கொண்டு அம்மா எழுதுவது. நாங்களும் இங்கே நல்ல சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை, ஆனால் அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நான் இந்த நிலைக்கு வந்து நிற்கிறேன், அதனால் இந்தமுறை அதை எழுதவில்லை. பதறாதே, ஒருவருக்கும் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை, நடக்கமுதல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லாமல் ஏன் கடதாசி என்று யோசிப்பாய். நீ கோல் எடுத்தால் அப்பா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்துவிடுவார், நான் எழுதி அனுப்பினாலும் என்ன அனுப்பினாய் என்று போனை வாங்கிப் பார்ப்பார், இந்த வீட்டில் போன் ஒன்று, கண் நாலு. முன்வீட்டு ஜெயசுதன் தமக்கையின் கலியாணத்துக்கு வந்தவன் இன்றிரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் நாளைக்கு விமானம் ஏறுகிறான், திங்கட்கிழமை உன் கையில் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறான். செவ்வாய்க்கிழமைக்கு முன் நீ இதை வாசித்தே ஆக வேண்டும்.

விஷயம் இதுதான். வாற புதன்கிழமை விடிய அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகப் போகிறார். சும்மா ஏறி இருந்துவிட்டு வர இல்லை பிள்ளை, எஞ்சின் கயிற்றைத் தானே இழுத்து, தானே கைபிடித்து ஓட்டிக்கொண்டு போகப் போகிறார். வாடைக்காற்று ஓய்ந்துவிட்டது, கடல் படுத்திருக்கிறது, ஆவணியில் பாரிசவாதம் வந்து விழுந்த பிறகு ஆறு மாதமாய்க் கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்தை நிமிர்த்தியாயிற்று, நாள் பார்த்தாயிற்று, எலுமிச்சம்பழமும் கற்பூரமும் என்னைக்கொண்டே வாங்குவித்தாயிற்று. கூடப் போவது கதிரவேலு, இருபது வருஷம் அவரோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவன் என்பது உனக்குத் தெரியும். இவ்வளவும் எதை நம்பி என்று கேள். நீ அனுப்பிய விளையாட்டுப் பெட்டியை நம்பி. அந்தப் பெட்டியை அப்படி நம்ப வைத்தது நான்.

முதலில் இருந்து சொல்கிறேன், திட்டுவதென்றால் முழுக்க வாசித்துவிட்டுத் திட்டு. கார்த்திகையில் பெட்டி வந்தபோது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கோ. அம்மா, இது கையிலை பிடிச்சிருக்கிற ரிமோட்டை வைச்சே கை எப்பிடி அசையுது எண்டு கண்டுபிடிக்கும், இஞ்சை வருத்தக்காரருக்கே இதைக் குடுத்துக் கையைப் பழக்கினம், அப்பாவின்ரை வலது கை தன்பாட்டிலை எழும்பிவிடும் எண்டு சொன்னாய். பெட்டியின் மட்டையில் ஒரு குடும்பமே பல்லெல்லாம் தெரியக் கையை வீசிக்கொண்டு குதிக்கிறது. அதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது, அப்பா அதுவரை கதைக்கவே மாட்டார், சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார், தாடி வளர்ந்து கிடந்தது. கோபிசங்கர் வந்து ரிவியில் கொழுவித் தந்துவிட்டுப் போனான், கடற்கரை வீதியில் போன் திருத்துகிற பெடியன், உனக்குத் தெரியாது. பந்தை உருட்டிப் பத்துக் கட்டையை விழுத்துகிற விளையாட்டைத்தான் அப்பா பிடித்துக்கொண்டார். ரிமோட்டைப் பிடிக்க விரலுக்குப் பலம் இல்லாததால் பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து ரிமோட்டையும் கையையும் சேர்த்துச் சுற்றிக் கட்டிவிட்டேன். இழுத்தார், வீசினார், முகம் வியர்த்தது. பந்து அசையவே இல்லை. அவருடைய கை அசைந்தது பிள்ளை, நான் கண்ணால் கண்டேன், ஒரு சாண் அளவு அசைந்தது, ஆனால் பெட்டிக்கு அது ஒரு அசைவாகத் தெரியவில்லை. நாலு நாள் அப்படி. ஐந்தாம் நாள் ரிமோட்டைக் கட்டோடு கழற்றி எறிந்துவிட்டு, எனக்கு இந்தக் கை இனி இல்லையெண்டு வெள்ளைக்காரன்ரை பெட்டியும் சொல்லிப்போட்டுது என்று சொன்னார். அன்றைக்கு முழுக்கப் பச்சைத்தண்ணியும் வாயில் வைக்கவில்லை. இந்த மனுசன் இப்படியே கிடந்து போய்விடுவாரோ என்று பயந்துவிட்டேன்.

பெட்டியோடு ரிமோட் இரண்டு வந்ததல்லவா, பிழை அங்கேதான் தொடங்கியது. அடுத்த நாள் பின்னேரம் பற்றரி போடாத மற்ற ரிமோட்டை அவர் கையில் வைத்துக் கட்டினேன், துணி சுற்றியிருப்பதால் அதில் வெளிச்சம் எரிகிறதோ இல்லையோ என்று அவருக்குத் தெரியாது. எரிகிற ரிமோட்டை நான் சீலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு கதிரைக்குப் பின்னால் நின்றேன். அவர் கை எழும்பும் நேரம் பார்த்து நான் உள்ளுக்குள் சுண்டினேன். பந்து போய் ஏழு கட்டையை விழுத்தியது. அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் எப்படி எழுதுவது. அன்று இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், அடுத்த நாள் கதிரவேலுவைக் கூப்பிட்டுத் தாடி வழிப்பித்தார். ஒரு நாளைக்கு மட்டும் என்று நினைத்துச் செய்தேன், சத்தியமாய் அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கு மூன்று மாதம்.

நீயும் உன் பிள்ளைகளும் உந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று முழுக் கையையும் வீசி விளையாடுவீர்கள் போலே. அது ஒன்றும் தேவையில்லை பிள்ளை. கை வீச வேண்டும் என்று படம்தான் காட்டுகிறது, மணிக்கட்டைக் கொஞ்சம் சுண்டினால் போதும். நான் முப்பது வருஷமாய்த் தட்டைவடை தட்டுகிற கை, அந்தத் தட்டல் பெட்டிக்கு அப்படியே பிடித்துவிட்டது, சீலைக்குள் நின்றுகொண்டே பத்துக் கட்டையையும் விழுத்தினேன், பெட்டி கைதட்டியது. நூற்றி எண்பது புள்ளி எடுத்த படம் உனக்கு அனுப்பினேனே, அப்பாவுக்கு நூற்றி எண்பது எண்டு வேலைக் கந்தோரிலை எல்லாருக்கும் காட்டினனான் அம்மா, குளிர்பெட்டியிலை ஒட்டி வைச்சிருக்கிறன் எண்டு நீ அழுதுகொண்டு சொன்னாயே, அது நான். நீ வைத்திருக்கும் அத்தனை படமும் நான். உனக்குக் கோபம் வரும், வரட்டும், எனக்கு உன் கோபத்துக்குப் பயப்பட இப்போது இடம் இல்லை.

இதனால் வந்த வினையைக் கேள். மார்கழியோடு ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போவதை விட்டுவிட்டார். அங்கே பயிற்சி தருகிற பிள்ளை சுவரில் விரலால் ஏறச் சொல்லும், பழந்துணியைப் பிழியச் சொல்லும், அதெல்லாம் சின்னப்பிள்ளை வேலை, எனக்குத்தான் பெட்டி இருக்கே என்கிறார். சேட்டுத் தெறியைத் தானே பூட்ட ஏலாது. போன கிழமை தேத்தண்ணிக் கோப்பையைக் கைநழுவ விட்டுக் காலெல்லாம் ஊற்றுப்பட்டது, கோப்பை வழுக்குது என்றார். கோப்பை விழுந்தால் கோப்பையில் பிழை, ரிவியில் கட்டை விழுந்தால் கையில் பலம். எஞ்சின் கயிறு இழுப்பதும் பந்து எறிவதும் ஒரே வீச்சுத்தான் என்று கதிரவேலுவுக்கு விளங்கப்படுத்துகிறார். கதிரவேலுவும் பக்கத்துக் கதிரையில் இருந்து கண்ணால் கண்டவன்தானே, நம்பாமல் என்ன செய்வான். நேற்று அவனிடமாவது சொல்லிவிடுவோம் என்று போனேன். வள்ளத்துக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டு நின்றான், என்னைக் கண்டதும் அக்கா, அண்ணை ஏறினால்தான் எனக்குக் கடல் கடலாத் தெரியும் எண்டு சொல்லிப் பல்லைக் காட்டிச் சிரித்தான். முருங்கைக்கீரை கேட்க வந்தேன் என்று சொல்லிக் கீரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் கையாட்டத்தை நம்பி இரண்டு ஆம்பிளையள் கடலுக்குப் போகப்போகினம் என்று நினைத்து இரவில் எழும்பி எழும்பி இருக்கிறேன். நடுக்கடலில் எஞ்சின் நின்று, கதிரவேலு வலையில் நிற்க, அப்பா கயிற்றைப் பிடித்தால் அந்தக் கை என்ன செய்யும். அங்கே பின்னால் நின்று சுண்ட நான் இருக்க மாட்டேனே.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதுதான் என்னைத் தின்கிறது. அப்பா நாள் குறித்துவிட்டு வந்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை, நடப்பது நடக்கட்டும் என்று எரிகிற ரிமோட்டையே அவர் கையில் கட்டிவிட்டு வெறுங்கையோடு பின்னால் நின்றேன். இரண்டு கையையும் முன்னால் பொத்திக்கொண்டு நின்றேன், தவறியும் ஆடக்கூடாது என்று. அவர் வீசினார். பந்து ஆமை போலே போய், ஓரத்தில் மூன்று கட்டையை விழுத்தியது. பிள்ளை, மூன்று! கார்த்திகையில் பந்து அசையவே இல்லை, இப்போது மூன்று கட்டை, ஒருவரும் தொடாமல், அவருடைய கை. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. அவர் ரிவியைப் பார்த்தார், இன்னும் ஒரு தரம் வீசினார், இரண்டு விழுந்தது. பெட்டி பழுதாப் போச்சு, பற்றரி முடிஞ்சிருக்கும், கோபிசங்கரைக் கூப்பிடு என்று கத்தினார். தன்னுடைய சொந்தக் கையைத்தான் பழுது என்கிறார் என்று அவருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன், உண்மையைக் கொடுத்தபோது அது உண்மையைத்தான் காட்டியது, நாங்கள்தான் அதை நம்பவில்லை.

அதற்குப் பிறகு செய்ததைத்தான் எழுதக் கூச்சமாய் இருக்கிறது. அடுத்த நாள் புதுப் பற்றரி வாங்கிப் போட்டுவிட்டு, கையை நீட்டிக்கொண்டு, கட்டு பாப்பம் என்றார். முகம் வெளிறிப்போய் இருந்தது, அந்த ஐந்தாம் நாள் முகம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. துணி சுற்றுகிற சாக்கில் ரிமோட்டை மாற்றி எரியாததைக் கட்டினேன். என் கை தன்பாட்டில் சீலைக்குள் போனது. பத்தும் விழுந்தது. பாத்தியே, பற்றரிதான், நான் சொன்னனான்தானே என்று சிரித்தார், அந்தச் சிரிப்போடேயே எழும்பிப் போய் வள்ளத்தை நிமிர்த்தச் சொல்லிக் கதிரவேலுவுக்குச் சொன்னார். இதைவிட நான் என்ன பாவம் செய்ய முடியும் சொல்லு.

ஆனபடியால் நான் ஒன்று முடிவெடுத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குச் சொல்லப்போகிறேன். உனக்கு அது மத்தியான இடைவேளை நேரம், சரியாய் அந்த நேரத்துக்கு வீடியோக் கோல் எடு, நீ முகம் தெரிய இருக்க வேண்டும். இரண்டு ரிமோட்டையும் அவருக்கு முன்னால் மேசையில் வைத்துத் துணி இல்லாமல் காட்டிச் சொல்வேன். தனியே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அடிப்பார் என்று பயம் இல்லை, அந்தக் கையால் அடிக்கவும் ஏலாது, அடித்தாலும் சந்தோசப்படுவேன். திரும்பவும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவாரோ என்றுதான் பயம். இத்தனை வருஷம் பக்கத்தில் கிடந்தவள் என்னைப் பொம்மையாக்கிப்போட்டாளே என்று நினைப்பாரோ என்று பயம். நீ அவரைத் தேற்ற வேண்டாம், நூற்றி எண்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் கதைக்க வேண்டாம், என்னைக் காப்பாற்றவும் வேண்டாம். அந்த மூன்று கட்டையைப் பற்றி மட்டும் கேள். அப்பா, அது எப்பிடி விழுந்தது, இன்னொருக்கால் எறியுங்கோ நான் பாக்கவேணும் எண்டு கேள். நீ கேட்டால் எறிவார், உனக்காக என்றால் எறிவார். நீ கோல் எடுக்காவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன், ஆனால் எடு பிள்ளை, மறந்துவிடாதே.

ஜெயசுதனிடம் ஒரு பை தட்டைவடையும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன். வடை இந்தமுறை வட்டமாய் இல்லை, ஒன்று தடிப்பு ஒன்று மெல்லிசு, கை நின்று தட்டவில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுக் கொடு. சின்னவனுக்குத் தொண்டை நோ மாறிவிட்டதோ, காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பு. மருமகனையும் கேட்டதாய்ச் சொல். வைரவர் உங்கள் எல்லோரையும் கண்போலக் காக்கட்டும், நீ நூறு வயது வரைக்கும் கையும் காலும் பலமாய் இருக்க அம்மாவின் ஆசீர்வாதம்.

இதற்குள் ஒரு படம் வைத்திருக்கிறேன், மூன்று கட்டை விழுந்த அன்று அவருக்குத் தெரியாமல் ரிவியைப் போனில் பிடித்தது, போனில் இருந்தால் கண்டுவிடுவார் என்று கடையில் கொடுத்து அச்சடித்து, போனில் அழித்துவிட்டேன், உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கிறது. குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிற நூற்றி எண்பதைக் கழற்றிவிட்டு இதை ஒட்டு. செவ்வாய்க்கிழமை கோல் எடுக்கும்போது அது உனக்குப் பின்னால் தெரியட்டும். அதுதான் உன் அப்பா.

இப்படிக்கு,
பயத்தோடும் அன்போடும்
அம்மா
ந. பராசக்தி