பிஸ்கட் டப்பாவில் நுழையாதது

அன்புள்ள மகளுக்கு,

நானும் உன் தங்கை வாலுவும் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இருப்பதாக ஃபோனில் சொல்வது எனக்குப் போதவில்லை, உன் கையெழுத்தில் நாலு வரி பார்த்தால்தான் நம்புவேன். இதோடு பிரிக்காத கவர் ஒன்று வைத்திருக்கிறேன். உன் அப்பா உனக்கு எழுதியது. முதலில் அதைப் பிரித்தாலும் சரிதான். ஆனால் இரண்டு வருடம் அது ஏன் என்னிடம் இருந்தது என்பதைப் படித்துவிட்டுப் பிரித்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

சமையலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஊர்த் தண்ணீரையெல்லாம் சோதிக்கிறவள் வீட்டுக் குழாயைப் பாரேன் என்று மாடிவீட்டு அக்கா கேலி செய்கிறார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேர் ஓய்வு பெற்றுவிட்டதால் எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட். அந்த நேரத்தில் வாலுவை மாடிவீட்டு அக்காதான் சர்ச்சில் நடக்கும் ஞாயிறு பள்ளிக்குக் கூட்டிப்போகிறார். அம்மாவுக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டதோ என்று நினைக்காதே, வந்தது ஷிப்ட் மட்டும்தான். உன்னிடம் சொல்லாத இன்னொன்றும் உண்டு. போன பருவத்தில் வாலுவின் பள்ளியிலிருந்து என்னை இரண்டு முறை கூப்பிட்டார்கள். மற்ற பிள்ளைகளின் ரப்பர், ஷார்ப்னர், கலர் பென்சில், ஒரு தடவை யாருடையதோ ஒற்றைச் சாக்ஸ், எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். ஒற்றைச் சாக்ஸை வைத்து என்னடி பண்ணப்போற என்று கேட்டால், சும்மா இருக்கட்டுமே என்கிறாள். திட்டிப் பார்த்தேன், பொறுமையாக விளக்கிப் பார்த்தேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். மூன்றுக்கும் ஒரே பலன்தான்.

ஞாயிறு பள்ளி டீச்சரை உனக்குத் தெரிந்திருக்கும், பெரிய தெரு மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பாரே, அவர்தான். வகுப்பு வாசலில் மூடியில் ஓட்டை போட்ட ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறார். தங்களுடையது அல்லாத எதையும் பிள்ளைகள் அதில் போடலாம், யார் போட்டது என்று கேட்க மாட்டார். எழுதத் தெரியாத பிள்ளைகள் அது யாருக்குச் சேர வேண்டுமோ அவர் முகத்தை ஒரு சீட்டில் வரைந்து சுற்றிப் போட வேண்டும். முதல் வாரம் டீச்சரே இரவல் வாங்கிய குடையைப் பிள்ளைகள் முன்னால் கொண்டுவந்தாராம், உள்ளே நுழையாததால் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டு, எட்டு மாசமா வெச்சிருந்தேன், கொடுக்க வெட்கமா இருந்துச்சு என்று சொன்னாராம். வாலு இதை வீட்டில் பத்துத் தடவையாவது நடித்துக் காட்டியிருப்பாள், வெட்கப்படும் இடம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். ரப்பர், பென்சில் எல்லாம் டீச்சர் மூலம் உரிய பிள்ளைகளிடம் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. ஒரு முறை நடந்ததை நான் முடிவாக எடுத்துக்கொள்வதில்லை, தெரியும்தானே. ஏழு வாரம் பையைச் சோதித்தேன், பை சுத்தமாக இருந்தது. ஆனாலும் சந்தேகம் போகாமல் மருந்துக் கடைக்கே போய், பாவம் நரகம் என்று சொல்லிப் பயமுறுத்துகிறீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, ஐயோ மேடம், அதுக்கெல்லாம் நாங்க இன்னும் போகவே இல்ல, இப்பதான் ரப்பர்ல இருக்கோம், என்றார். பிறகு, உங்களுக்கும் ஒண்ணு வந்திருக்கு என்று மேசையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். சீட்டில் பெரிய கண்ணாடி போட்ட, சிரிக்காத ஒரு முகம். உள்ளே என் அலமாரி இழுப்பறைச் சாவி.

அந்தச் சாவி நாலு மாதமாகக் காணோம். நான் பூட்டை உடைக்கவும் இல்லை, ஆளைக் கூப்பிடவும் இல்லை. காணாமல் போனது எனக்கு வசதியாகவே இருந்தது. உன் அப்பாவின் கவர் அந்த இழுப்பறையில்தான் இருந்தது. நீ வேலைக்கு வெளியூர் கிளம்பப் பதினோரு நாள் இருக்கும்போது அது வந்தது. படித்தால் நீ பயணத்தை நிறுத்திவிடுவாய், அதனால் நீ போன பிறகு அனுப்பலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நீ போன பிறகும் அனுப்பவில்லை என்பதால் அது காரணம் இல்லை என்று ஆகிறது. நீ அவர் பக்கம் சாய்ந்துவிடுவாயோ என்று பயந்தேன், அவ்வளவுதான். அப்பா எனக்கு ஒரு வரியாவது எழுதினாரா என்று நீ மூன்று முறை கேட்டாய், மூன்று முறையும் இல்லை என்றேன். எழுதாத மனுஷனுக்கு நான் எதுக்கும்மா ஃபோன் பண்ணணும் என்று அதற்குப் பிறகு நீ விட்டுவிட்டாய். உன்னை அப்படிச் சொல்ல வைத்தது அவர் இல்லை, நான்.

நேற்றுச் சாயங்காலம் இழுப்பறையைத் திறந்தபோது வாலு பக்கத்தில் நின்றாள். இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். கவரின் மேல் உன் பெயரைப் படித்துவிட்டு, இது அக்காவோடதுதானேம்மா, நீ ஏன் வெச்சிருக்க, என்றாள். கொடுக்க வெட்கமாக இருந்தது என்றேன். அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. டப்பால நுழையாது, தபால்லதான் போடணும், என்று சொல்லிவிட்டுப் பென்சில் எடுக்கப் போனாள், அவளுடைய சொந்தப் பென்சில்தான், பார்த்துக்கொண்டேன். கவரின் பின்பக்கம் இருக்கும் முகம் நீதான். மூக்கு உன்னுடையது மாதிரி இல்லை என்று சொன்னேன், கேட்கவில்லை. உன் அப்பாவைப் பற்றி என் கருத்து மாறவில்லை, அதை நீ ஏற்க வேண்டும் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. படித்துவிட்டு என்ன இருந்தது என்று என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. என் மேல் கோபம் வந்தால் அதை மட்டும் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள், குளிர் காலம் முடியும்வரை அந்த இருமலை அலட்சியம் செய்யாதே, வேலை வேலை என்று சாப்பாட்டு நேரத்தைத் தள்ளாதே. எல்லா நன்மையும் உனக்குக் கிடைக்கட்டும். போன விடுமுறைக்கு வந்தபோது உன் பச்சை ஸ்கார்ஃப் காணாமல் போனதே, அதையும் வாலு உன் முகத்தை வரைந்து டப்பாவில் போட்டிருக்கிறாள். டீச்சர் கொடுத்தனுப்பினார். துவைத்துத் தனியாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா